நிருஷாவுக்கும் ஒரு பக்கம்

ஆரூரன் கடைசியாகப் போட்ட மெட்டு நிருஷாவின் கைபேசியில் இருந்தது. என்னுடையதில் இல்லை. அவனுடைய செத்தவீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றபோது அவள் அதைச் சொன்னாள், யாருடைய குடையையோ மாறி எடுத்து வந்துவிட்டதைச் சொல்வதுபோல.

எங்கள் ரொக் இசைக்குழுவில் மூன்று பேர். ஆரூரன் கிற்றார் வாசித்துப் பாடுவான். நான் பேஸ் கிற்றார். நிருஷா ட்ரம்ஸ், அவள் வந்து சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அதற்கு முதல் ஆரூரனும் நானும்தான். அவன் சொல் இல்லாமலே மெட்டைப் பாடுவான். வாய்க்கு வந்த உளறல், பாதி தமிழ், பாதி பிரெஞ்சு, நடுவில் மெட்ரோ அறிவிப்பும் வரும். அதை எனக்கு அனுப்புவான். அந்த உளறல் இருந்த இடங்களில் நான் சொற்களைக் கொண்டுபோய் இருத்துவேன். எங்கள் எல்லாப் பாட்டும் அப்படி வந்தவைதான். எங்களுக்கு நடுவில் இன்னொருவருக்கு இடம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. பெப்ரவரியில், ஜான்-டலோன் சந்தையில் தோடம்பழப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது அவனுடைய இதயம் நின்றுபோனது.

செத்தவீடு முடிந்த கிழமை, ரொக்ஸ்பரோவில் நிருஷா வீட்டு நிலவறையில் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினாள். முதலில் மேசையில் தட்டும் சத்தம். பிறகு அவன் குரல். அவன் போட்டவற்றிலேயே அதுதான் நல்ல மெட்டு. எனக்கு வயிறு எரிந்தது. மெட்டு முடிந்ததும் அவன் சிரித்தான். நிருஷா அவசரமாக நிறுத்தப் போனாள், பிந்திவிட்டது. பதிவில் அவன் என் பேரைச் சொல்லிப் பேசத் தொடங்கியிருந்தான்.

"இதை வின்சன்ட்டிட்ட இப்ப குடுக்காதையும், நிருஷா. அவன் எல்லாத்தையும் செத்தவீட்டுப் பாட்டாக்கிப் போடுவான்."

"பகிடிக்குச் சொன்னவர்," என்றாள் அவள்.

"ஓம். நல்ல பகிடி."

"நீர் சொல் எழுதினால்தான் இது பாட்டாகும், வின்சன்ட்."

"நீரே எழுதும். உமக்குத்தானே அனுப்பினவன்."

"விசர்க்கதை கதையாதையும்."

நான் படியேறி வந்துவிட்டேன்.

சில நாள் கழித்து ஆரூரனின் அம்மா இந்திராதேவி என்னை செயின்ட்-மிஷேல் வீட்டுக்குக் கூப்பிட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும். அந்தச் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகம் அது. தாய் புலம்பல், தங்கை புலம்பல் என்று ஒவ்வொருவர் பேரிலும் ஒரு பாட்டு அதில் இருக்கும். ஆனால் புலம்புகிறவர்கள் அதை எழுதுவதில்லை. எழுதத் தெரிந்த ஒருவர் எல்லாருக்குமாகப் புலம்புவார்.

"மாதா கோயிலுக்குப் போற வேதக்காரப் பிள்ளையெண்டாலும் உமக்குத்தானே தம்பி தமிழ் வரும்," என்றார். "என்ர பேரில ஒண்டு, அவன்ர தங்கச்சி ஆர்த்திகான்ர பேரில ஒண்டு. நிருஷாவுக்கும் ஒரு பக்கம் விடும்."

"நிருஷாவுக்கோ?"

"அந்தப் பிள்ளை அவனுக்கு என்ன முறையெண்டு எனக்குத் தெரியாது. நான் கேக்கவும் போகேல்லை. பாவம், நல்லா அழுதது."

"அப்ப நான், அன்ரி?"

"உம்மட பேர் கடைசியில வரும்தானே. ஆக்கம் எண்டு."

ஆக்கம். அச்சகத்தின் பேருக்கு மேலே, அதைவிடச் சின்ன எழுத்தில்.

தாய்க்கும் தங்கைக்கும் எழுதுவது கஷ்டமாக இருக்கவில்லை. "நிருஷா புலம்பல்" என்று தலைப்பைப் போட்டதும் கை நின்றுவிட்டது. அவளுக்காக அழ எனக்கு மனம் வரவில்லை. அழாமலே எழுதினேன்:

எனக்குச் சொல்லாமல் யாருக்குப் பாடினாய்
என் வாசல் தாண்டி எந்தப் படி ஏறினாய்
பங்கு வேண்டாம் பாதி வேண்டாம்
முழுதாய்த் தா, இல்லை எடுத்துக்கொண்டு போ

கல்வெட்டுக்கு இது உதவாது என்று தெரியும். என்றாலும் அவள் பேரில் வரப்போகிற பாட்டு என்பதால் அவளுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தாள்.

"இது ஆர் புலம்புறது?"

"நீர்தான். மேல பேர் போட்டிருக்கு."

"எனக்கு அவரில ஒரு கோவமும் இல்லையே. நான் ஏன் அவரைத் திட்டவேணும்?" கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்: "இதை அந்த மெட்டில பாடிப் பாத்தனான். அப்பிடியே இருக்குது. ஒரு சொல் கூடேல்லை, குறையேல்லை. தெரிஞ்சுதானே எழுதினீர்?"

எனக்குத் தெரியாது. ஒரே ஒரு தடவை கேட்ட மெட்டு.

கல்வெட்டுக்கு அவள் பேரில் வேறொன்று எழுதிக் கொடுத்தேன், வாடிய மலரும் அணைந்த விளக்குமாக. இந்திராதேவி அன்ரிக்கு அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. மற்றதை, ஆரூரனின் மெட்டிலேயே, ஒரு ஞாயிறு மத்தியானம் நிலவறையில் பதிந்தோம். நான்தான் பாட வேண்டும் என்று நிருஷா சொல்லிவிட்டாள். பாடினேன். பாதியில் நிறுத்தினாள்.

"தேவாரம் மாதிரிக் கிடக்கு."

திரும்பவும் பாடினேன்.

"இப்ப மாதா கோயில். ஏன் வின்சன்ட், அவர் சொன்னது சரியெண்டு காட்டப் போறீரோ?"

கிற்றாரைக் கழற்றிக் கீழே வைத்தேன். அவள் பதிவைப் போட்டுக் காட்டிய அன்றிலிருந்து கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"இது ஒண்டுதானே அவன் உமக்கு அனுப்பினது?"

அவள் குச்சிகளை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இல்லை. இன்னும் இருக்கு."

"எத்தினை?"

"பேந்து சொல்லுறன். முதல் பாடும்."

குச்சிகளைத் தட்டித் தாளத்தைத் தொடங்கிவிட்டாள். கிற்றாரை மாட்டக்கூட நேரம் இல்லை. வெறும் கையோடு நின்று பாடினேன். கடைசி வரியில் குரல் கிழிந்துபோனது. அந்தப் பதிவைத்தான் வெளியிட்டோம். கேட்கிறவர்கள், "குரலில என்ன துக்கம்!" என்கிறார்கள். நான் மறுத்துச் சொல்வதில்லை.

இன்னும் இருக்கு என்று அவள் சொன்னது உண்மையா, என்னைப் பாடவைக்கச் சொன்னாளா, தெரியாது. ஒத்திகைக்குப் போகும்போதெல்லாம் அவளுடைய கைபேசி எங்கே கிடக்கிறது என்று முதலில் பார்க்கிறேன். ஆனால் கேட்கவில்லை. வேறொன்றும் இல்லை என்று அவள் சொல்லி என் எரிச்சல் அடங்கிவிட்டால், அந்தப் பாட்டை இனி எதை வைத்துப் பாடுவது?