போகாத பத்து வீடுகள்

ஜெஸ்லினும் சபீனாவும் நர்சிங் கல்லூரியில் கடைசி வருடம். தொழில் திட்டம் எழுதுவது அவர்களுக்கு ஒரு பாடம். மூன்று மாதம் ஆன்லைனில் வீடியோ பார்த்துத் திட்டத்தைப் பகுதி பகுதியாக அனுப்பினார்கள். இனி நேரில் நின்று விளக்க வேண்டும். தேறாவிட்டால் ஆறு மாதம் போய்விடும்.

சர்க்கரை நோயாளிகளின் கால்புண்ணுக்கு வீடு தேடிப்போய்க் கட்டுப் போடுவது அவர்கள் திட்டம். ஒரு நர்ஸுக்கு ஒரு நாளில் பன்னிரண்டு வீடு.

தேர்வாளராக வந்த பிரேமா, கல்லூரி இருக்கும் திருவனந்தபுரத்திலேயே அப்படியொரு சேவையை நடத்துபவர். தமிழ்க்காரர்.

"ஒரு வீட்டுக்கு இருபது நிமிஷம்னு போட்டிருக்கீங்க. எத்தனை வீட்டுக்குப் போய்ப் பார்த்தீங்க?"

பத்து என்று திட்டத்தில் இருந்தது. கடைசி நாள் அவசரத்தில் சபீனா எங்கும் போகாமல் இருந்த இடத்திலேயே எழுதியது. தெரிந்தேதான் ஜெஸ்லின் அனுப்பினாள்.

"பத்துன்னு சொல்லுடீ," என்று கிசுகிசுத்து சபீனா அவள் மணிக்கட்டை இறுக்கினாள்.

ஜெஸ்லின் கையை விடுவித்துக்கொண்டாள். "ஒரு வீட்டுக்கும் போகலை, மேடம்."

பிரேமா தாளை மூடினார்.

"திங்கட்கிழமை வரை டைம். ஒரு வீட்டுக்காவது போயிட்டு வாங்க. எங்க நர்ஸ் ஆஷா கூட வருவா."

வெளியே வந்ததும் சபீனா வெடித்தாள். "எடீ, என்னையும் சேர்த்து மாட்டி விட்டியே!"

"எழுதினது நீ. அனுப்பினது நான்."

சபீனா தனியாக நடந்து போய்விட்டாள். ஆனாலும் சனிக்கிழமை வந்தாள்.

ஆஷா அன்று புதிதாகப் பார்க்கவேண்டிய சர்க்கரை நோயாளி, நகரின் சாலைக் கடைத்தெருவில் சுமை தூக்கும் ராஜையன், ஒரு மாடியறையில் இருந்தார். காலில் சுற்றியிருந்த துணி புண்ணோடு ஒட்டிப்போயிருந்தது. ஆஷா சொல்லித்தர, ஜெஸ்லின் அதை நனைத்து நனைத்துப் பிரிக்கவே அரைமணி ஆனது. உள்ளே சுண்டுவிரல் கறுத்திருந்தது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்," என்றாள் ஆஷா.

"வேண்டாம். திங்களாழ்ச்சை லோடு வருது," என்று ராஜையன் காலை இழுத்துக்கொண்டார்.

சபீனா தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மாமா, இன்னைக்கு வந்தா விரலோட நிக்கும். விட்டா முழுக்காலும் போயிரும். உயிருக்கே ஆபத்து."

அவர் கறுத்த விரலைக் குனிந்து பார்த்தார். பிறகு சட்டையைத் தேடினார்.

திங்கட்கிழமை திட்டத்தில் ஒரு நர்ஸுக்கு ஒரு நாளில் ஐந்து வீடுதான் இருந்தது. பிரேமா தேர்ச்சி போட்டார். பொய் எண்ணுக்காக மதிப்பெண்ணைக் குறைத்ததையும் முகத்துக்கு நேரே சொன்னார்.

அன்று மாலை இருவரும் ராஜையன் இருந்த வார்டுக்குப் போனார்கள். விரலை எடுத்துவிட்டிருந்தார்கள், கால் தப்பியது. ராஜையன் அவர்களைக் கண்டதும், "இங்கத்தெ கஞ்சியில உப்பே இல்லை, பிள்ளைகளே," என்று சண்டைக்கு வந்தார்.