டாக்டருக்கு எது வலது

“டைமிங் பெல்ட்டுன்னா என்னமோ பெரிய வித்தைன்னு நினைக்காதேக்கா. ஒரு ரப்பர் பட்டை. உள்பக்கம் பல்லு பல்லா இருக்கும். பழசைக் கழட்டி புதுசை மாட்டணும், அவ்வளவுதான்,” என்றான் தம்பி.

“பல்லா?” என்று பேப்பரை மடித்து வைத்தார் அக்காவின் கணவரான பல் டாக்டர்.

வினை அந்தச் சொல்லில்தான் ஆரம்பித்தது. மச்சான் வந்தால் “வாப்பா” என்று சொல்வதோடு கடமை தீர்ந்ததென்று உட்கார்ந்துவிடும் மனிதர், பழைய சட்டையொன்றைத் தேடி மாட்டிக்கொண்டு கார் ஷெட்டுக்கே வந்துவிட்டார்.

அவர் மனைவி டார்ச்சோடு பின்னாலேயே ஓடிவந்தாள். மறுநாள் காலை அவள் வேலையில் சேர வேண்டும். பிள்ளைகளை ஆளாக்கி அனுப்பிவிட்டு, இத்தனை வருஷம் கழித்துக் கிடைத்த கணக்கு டீச்சர் வேலை. பள்ளிக்கூடம் ஊருக்கு வெளியே இருந்தது. பஸ் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. “வண்டி இருக்கா?” என்பதுதான் தலைமையாசிரியை கேட்ட முதல் கேள்வி. “இருக்கு” என்று இவளும் மிடுக்காகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். நேற்று தம்பி, எதற்கும் பார்த்துவிடுவோமே என்று இன்ஜின் ஓரத்து மூடியைக் கழற்றினான். பெல்ட் முழுக்க வெடிப்பு. ஓடும்போது அறுந்தால் இன்ஜினே காலி என்றான். வழக்கமான மெக்கானிக் கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார். இன்று புது பெல்ட்டும் ஸ்பேனர் பெட்டியுமாக இவனே வந்து நிற்கிறான்.

“ஏண்டா, இதுக்கு முன்னாடி மாத்தியிருக்கியா?”

“மாத்தறதைப் பார்த்திருக்கேன்.”

“எங்க?”

“போன்ல.”

மேற்கொண்டு கேட்டால் தனக்குத்தான் தலை சுற்றும் என்று டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காரின் முகம் சுவரைப் பார்த்து, முதுகு தெருவைப் பார்த்து நின்றது. ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றினான். இன்ஜினைக் கையால் சுற்ற லேசாக இருக்குமென்று ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, அவளுடைய நல்ல கிண்ணமாகப் பார்த்து அதில் போட்டான்.

“இதோ பாருக்கா. மேல ஒரு பல்சக்கரம், கீழ ஒண்ணு. ரெண்டுலயும் ஒரு கோடு இருக்கு. ரெண்டும் அதது இடத்துல நிக்கிறப்ப பெல்ட்டை மாட்டணும். ஒரு பல் தள்ளிப் போனாலும் வம்பு. உள்ள வால்வும் பிஸ்டனும் இடிச்சுக்கும்.”

“இடிச்சுக்கிட்டா?”

“நாளைக்கு நீ நடராஜா சர்வீஸ்தான்.”

புது பெல்ட் ஏறியது. மேல் சக்கரத்துக் கோடு சந்துக்குள் மறைந்திருந்ததால், டாக்டர் தன் பையிலிருந்து நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடியை எடுத்துவந்து உள்ளே நீட்டினார்.

“ஆ காட்டச் சொல்லுங்க மாமா.”

“ரொம்பப் பேசாதே. மேல் சக்கரம் ஒரு பல் தள்ளி நிக்குது. வலது பக்கம் ஒரு பல் நகர்த்து.”

தம்பி பெல்ட்டைத் தளர்த்தி, சக்கரத்தை நகர்த்தி, மறுபடி முறுக்கினான். அதற்குள் டாக்டர் குழாயடிக்குப் போய்விட்டார். ஒரு வேலை முடிந்ததென்றால் அவருக்குச் சோப்புப் போட்டாக வேண்டும்.

“பாதியில கை கழுவிட்டீங்களே மாமா. சரி, பிளக்கை மாட்டிடலாம். சாவியை எடுத்து வைக்கா.”

“முதல்ல கையால சுத்திப் பார்க்கணும்னு நீதானே சொன்னே?”

“சொன்னேன். பார்த்தா போச்சு.”

ஸ்பேனரைக் கீழ்ச் சக்கரத்து போல்ட்டில் மாட்டித் திருப்பினான். கொஞ்ச தூரம் நல்லபிள்ளையாகச் சுற்றிவந்தது. பிறகு ‘டிக்’ என்று நின்றுகொண்டது.

“இறுக்கம்க்கா. உள்ள காத்து அடைச்சிருக்கும். நீளமா ஒரு பைப் இருந்தா குடு, ஸ்பேனர்ல சொருகி ஒரு அழுத்து அழுத்தினா வழிக்கு வந்துடும்.”

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள்.

“பிளக்கெல்லாம் இங்க கிடக்கு. அது இருந்த ஓட்டையெல்லாம் திறந்து கிடக்கு. காத்து வெளியில போகாம யாருக்காகடா உள்ள காத்துக்கிட்டிருக்கு?”

“ஐயோ, வால்வுதான் இடிக்குது!” சூடு பட்டவன்போல் தம்பி கையை எடுத்துவிட்டான். டாக்டர் துண்டும் கையுமாக வந்தார்.

“நான் சொன்ன பக்கம்தானே நகர்த்தினே?”

“வலது பக்கம்தான். இதோ, இப்படி, சுவத்துப் பக்கமா.”

“அது இடதுப்பா.”

“மாமா, இது என் சோத்துக்கை.”

“உன் கையை யார் கேட்டா? இன்ஜினோட வலது.”

“இன்ஜினுக்கு ஏது மாமா வலதும் இடதும்?”

அவளுக்கு விளங்கிவிட்டது. எதிரே வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு எது வலதோ, அதுதான் இவருக்கு வலது. முப்பது வருஷப் பழக்கம், இன்ஜினையும் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டது.

“சரி விடு,” என்றார் டாக்டர், குரலைத் தாழ்த்தி. “தெருப் பக்கம் ஒரு பல் திருப்பிடு. தீர்ந்தது.”

“ரெண்டு,” என்றாள் அவள்.

“தப்பு ஒண்ணுதானேம்மா.”

“முதல்லயே ஒண்ணு தள்ளி நின்னுது. சரிபண்றேன்னு அதே பக்கம் இன்னொண்ணு தள்ளினீங்க. இப்ப ரெண்டு. ஒண்ணு மட்டும் திருப்பினா, பழைய தப்புக்குத்தான் போய்ச் சேருவீங்க.”

இரண்டு பேரும் விரலை மடக்கிப் பார்த்தார்கள்.

“அக்கா இன்னிக்கே வேலையில சேர்ந்துட்டா மாமா.”

“இனிமே ஒருத்தரும் வலது இடதுன்னு வாயைத் திறக்கக் கூடாது,” என்றாள் அவள். “சுவத்துப் பக்கம், தெருப் பக்கம். அவ்வளவுதான். முதல்ல சுத்தினதை மெதுவாப் பின்னால கொண்டு வாடா. முட்டினா நிறுத்து.”

கீழ்க்கோடு தன் இடத்துக்குத் திரும்பியது. பெல்ட்டைத் தளர்த்தி, மேல் சக்கரத்தைத் தெருப் பக்கம் இரண்டு பல் நகர்த்தி முறுக்கினான். டாக்டர் கண்ணாடியை நீட்டியபடி அசையாமல் நின்றார். ஸ்பேனர் முழுச் சுற்று சுற்றியது, இன்னொரு சுற்றும் சுற்றியது. எங்கும் முட்டவில்லை. கோடுகள் இரண்டும் சொன்ன இடத்தில் வந்து நின்றன.

மூடி, பிளக், சக்கரம் எல்லாம் ஏறி, ஜாக்கி இறங்கியதும், தம்பி சாவிக்குக் கையை நீட்டினான்.

“நகருடா. நாளைக்குப் போகப்போறது நான்.”

சாவியைத் திருப்பினாள். இன்ஜின் ஒருமுறை செருமிவிட்டு, பிசிறில்லாமல் ஓட ஆரம்பித்தது. பிறகு அவள் ரிவர்ஸில் வண்டியைத் தெருவுக்கு இறக்கினாள்.

டாக்டர் கேட் வரை ஓடிவந்தார். “எங்க கிளம்பிட்டே?”

“பள்ளிக்கூடம் வரைக்கும் போய்ட்டு வரேன்.”

“இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, பூட்டியிருக்குமே.”

“இருக்கட்டும். பூட்டைப் பார்த்துட்டு வரேன்.”