இடது பக்கத்து பிரேக்

போட்டோ ஸ்டுடியோக்காரரின் அப்பா இறந்த பிறகு, அவர் படுத்திருந்த அறையை வாடகைக்கு விடலாம் என்று வீட்டில் முடிவானது. எல்லாவற்றையும் ஒழித்துப் போட்டும் ஒரு சக்கர நாற்காலி மட்டும் மிஞ்சி நின்றது. பார்வைக்குப் பளபளவென்று இருக்கும். ஆனால் இடது பக்கத்து பிரேக் பிடிக்காது. போட்டால் 'டக்' என்று சத்தம் கேட்கும், அதோடு சரி. சரிவில் நிறுத்தினால் வண்டி ஒரு பக்கமாகத் திரும்பி நழுவும். அப்பா இருந்தவரை சக்கரத்துக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துச் சமாளித்தார்கள். ரிப்பேருக்குக் கொடுக்கணும், கொடுக்கணும் என்று சொல்லிக்கொண்டே இருந்ததில் அவர் காலமும் முடிந்துவிட்டது.

தெருமுனையில் தையல்கடை வைத்திருக்கும் பெண்மணியை ஊரே தையலக்கா என்றுதான் கூப்பிடும். ஒருமுறை கால் ஒடிந்து அவர் வாங்கிய ஊன்றுகோல்கள் பிறகு சும்மா கிடந்தன. கேட்டவர்களுக்கு இரவல் கொடுத்தார். அதைப் பார்த்து இன்னொருவர் வாக்கர் கொண்டுவந்து வைத்தார், வேறொருவர் கட்டில் கொடுத்தார். இப்படியே கடையை ஒட்டிய அறை நிறைந்துவிட்டது. நோயாளி இருக்கிற வீட்டுக்காரர்கள் வேண்டியதை எடுத்துப்போகலாம், தேவை தீர்ந்ததும் திருப்பித் தரலாம். வாடகை என்ற பேச்சே கிடையாது. லாண்டரிக்காரர் விரிப்புகளை வெளுத்துக் கொடுப்பார். மினி லாரிக்காரர் கட்டிலை ஏற்றி இறக்குவார். கொடுக்கப் பொருள் இல்லாதவர்கள் வந்து அறையைக் கூட்டித் துடைப்பார்கள்.

ஸ்டுடியோக்காரர் நாற்காலியை நன்றாகத் துடைத்து அங்கே தள்ளிக்கொண்டு போனார்.

"எல்லாம் நல்லா ஓடுதா தம்பி?" என்று தையலக்கா கேட்டார்.

"புதுசு மாதிரிக்கா. அப்பா உட்கார்ந்ததே கம்மி."

சொல்லும்போதே பிரேக் நினைவுக்கு வந்தது. குறை சொல்லிக்கொண்டே ஒரு பொருளைக் கொடுப்பதா என்று விட்டுவிட்டார். அறைக்கு உதவுகிறவர்கள் மாதம் ஒருமுறை கூடுவார்கள். அந்த மாதக் கூட்டத்தில் தையலக்கா அவர் பெயரைச் சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். அவருக்கு உச்சி குளிர்ந்துபோனது. பக்கத்தில் இருந்த மனைவி மட்டும் தட்டவில்லை.

நாற்காலியை எடுத்துப்போனவர் ஓய்வுபெற்ற வேன் டிரைவர். அவர் மனைவிக்கு இடுப்பு சரியில்லை. ஆஸ்பத்திரியின் சரிவுப் பாதையில் அந்த அம்மாளை உட்கார வைத்துவிட்டு, சீட்டு வாங்க அவர் உள்ளே போன நேரம், நாற்காலி தானாக உருண்டு சுவரில் மோதிக் கவிழ்ந்தது. அந்த அம்மாளுக்கு மணிக்கட்டு முறிந்து, நெற்றியில் தையல். நாற்காலி நொறுங்கிப்போனதால் காரணம் என்னவென்று யாராலும் சொல்ல முடியவில்லை. தையலக்கா ஓட்டை வண்டியைத் தலையில் கட்டிவிட்டார் என்றார்கள் சிலர். கிழவர் பிரேக் போட மறந்திருப்பார் என்றார்கள் மற்றவர்கள்.

செய்தி கேட்டதும் ஸ்டுடியோக்காரருக்குக் காரணம் புரிந்துவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தையலக்கா எழுந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"குடுக்கிறதுக்கு முன்னாடி நான்தான் பார்த்திருக்கணும். தப்பு என்னுதுதான். ரூமைப் பூட்டிடலாம்னு இருக்கேன்."

"உங்க மேல தப்பில்லம்மா" என்றார் டிரைவர், தலையைக் குனிந்தபடி. "பிரேக் போட்டேன்னுதான் நினைக்கிறேன். ஆனா போட்டேனா இல்லையான்னு இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. வயசாயிடுச்சு."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. சொல்லிவிடத்தான் ஸ்டுடியோக்காரர் எழுந்தார். எழுந்து நின்றதும் அத்தனை கண்களும் அவர்மேல் திரும்பின. வாயிலிருந்து வந்ததோ வேறு.

"பூட்ட வேணாம்க்கா. இனிமே எந்தப் பொருள் வந்தாலும் ஒருத்தர் சோதிச்சுப் பார்த்துத்தான் வாங்கணும். நம்ம எல்லாருக்கும் ஒரு பொறுப்பு வேணும்."

நல்ல யோசனை என்று கைதட்டினார்கள். டிரைவரும் தட்டினார்.

வீட்டுக்கு வந்து மனைவி தட்டை வைத்தாள். தானும் உட்கார்ந்தாள், ஆனால் சோற்றைத் தொடவில்லை.

"பொறுப்புன்னு சொன்னீங்களே, அந்த வார்த்தை எப்படிங்க உங்க வாயில வந்துச்சு?"

"நீயும் அங்கதானே இருந்தே? நீ சொல்லியிருக்கலாமே!" என்று அவர் சீறினார்.

"ஆமா, இருந்தேன். நானும்தான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அதான் எனக்கும் சோறு இறங்க மாட்டேங்குது."

அவருக்குச் சுருக்கென்றது. கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் காலை ஸ்டுடியோவுக்கு ஒரு பெண் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்தாள். "நிமிர்ந்து நேராப் பாரும்மா" என்றார். அவள் நேராகப் பார்த்தாள். கேமராவுக்குப் பின்னால் இவரால்தான் நிமிர முடியவில்லை. படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே அவள் சொன்னாள், "அந்தத் தையல்காரம்மா கிட்ட இனிமே எங்க வீட்டுத் துணியைக் குடுக்கக்கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க சார். பாவம், கை ஒடிஞ்ச அந்தப் பாட்டி, இல்ல?"

அவள் போனதும் ஷட்டரை இழுத்துவிட்டு நேரே தையல்கடைக்குப் போனார்.

"அக்கா, அந்த இடது பிரேக் பிடிக்காது. அப்பா இருந்தப்பவே பிடிக்காது."

தையல் மெஷினில் ஓடிக்கொண்டிருந்த கால் நின்றது.

"தெரிஞ்சேவா குடுத்தீங்க?"

"தெரிஞ்சேதான்."

தையலக்கா தைத்துக்கொண்டிருந்த துணியை மெஷினிலிருந்து உருவி மடித்து வைத்தார். திட்டுவார் என்று இவர் காத்திருந்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அங்க போய்ச் சொல்லுங்க."

"நீங்களும் கூட வந்தீங்கன்னா..."

"கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக நீங்க என்ன சின்னப் பிள்ளையா தம்பி?"

டிரைவர் வீட்டில் அந்த அம்மாள் மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்தபடி கட்டிலில் இருந்தார். டிரைவர் அவருக்கு ஸ்பூனால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். ஸ்டுடியோக்காரர் உட்காரவில்லை. வாசற்படியிலேயே நின்று ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். செங்கல் வைத்ததையும் சொன்னார்.

டிரைவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் பிரேக் போட்டேன்."

"போட்டீங்க ஐயா."

"போட்டேன்டி" என்று மனைவி பக்கம் திரும்பினார். "நான் மறக்கலே. ஆயுசு பூரா வண்டி ஓட்டினவன், மறப்பேனா?" அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே, நீங்க கேட்டாத்தானே" என்றபடி அந்த அம்மாள் நல்ல கையால் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகு வாசலைப் பார்த்தார். குரல் உயரவில்லை.

"நீங்க போங்க. இப்ப எங்களால உங்களைப் பார்த்துக்கிட்டு இருக்க முடியலே."

அன்று வீடு வரைக்கும் அவர் சுவரோரமாகவே நடந்தார்.

அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார். கைதட்டல் இல்லை, கூச்சலும் இல்லை. மினி லாரிக்காரர் மட்டும் "த்தூ" என்று எழுந்து வெளியே போனார். மனைவி எழுந்து, தனக்கும் தெரியும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அறையைப் பூட்ட வேண்டாம் என்று முடிவானது. பொருட்களைச் சோதிக்க யார் வருவீர்கள் என்று தையலக்கா கேட்டபோது ஸ்டுடியோக்காரர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். வேறு யாரும் தூக்காததால் அந்த வேலை அவருக்கே வந்தது.

சைக்கிள் கடையில் உட்கார்ந்து பிரேக் மாற்றக் கற்றுக்கொண்டார். வாரம்தோறும் சனிக்கிழமை ஸ்டுடியோவைச் சீக்கிரமே சாத்திவிட்டு அறைக்கு வருவார். எந்த நாற்காலி வந்தாலும் சரிவில் நிறுத்தித் தானே உட்கார்ந்து பார்ப்பார். தெருவில் போகிறவர்கள் சிரித்தாலும் அசைய மாட்டார்.

மாவுக்கட்டுப் பிரித்த பிறகு டிரைவர் ஒரு நாள் அறைக்கு வந்தார். மனைவியை நடக்க வைக்க ஒரு வாக்கர் வேண்டும் என்று தையலக்காவிடம் கேட்டார். ஸ்டுடியோக்காரர் இருப்பதிலேயே நல்லதாக ஒன்றை எடுத்துத் துடைத்து முன்னால் வைத்தார்.

"பார்த்துட்டேன் ஐயா. உறுதியா இருக்கு."

டிரைவர் அவரைப் பார்க்கவே இல்லை.

"நீங்க ஒரு தடவை பார்த்துக் குடுத்துடுங்கம்மா" என்றார் தையலக்காவிடம்.

தையலக்கா மறுப்புச் சொல்லாமல் தரையில் உட்கார்ந்தார். நான்கு கால்களையும் அழுத்திப் பார்த்தார், ஒவ்வொரு திருகையும் திருகிப் பார்த்தார். அது முடியும்வரை ஸ்டுடியோக்காரர் கையில் ஸ்பானரை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். டிரைவர் வாக்கரைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

"அந்தக் கட்டில் கால் ஆடுது தம்பி, அதைக் கொஞ்சம் பாருங்க" என்றார் தையலக்கா.

அவர் கட்டிலைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்.