மூன்றாவது புகைத்துளி

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிய செபாஸ்டியனும் பரந்தாமனும் ஒரு மழைக்காலம் முழுக்க வட்டக் கண்ணாடி ஒன்றைத் தேய்த்துத் தேய்த்துக் குழியாக்கினார்கள். அலுமினியப் பூச்சு போட்டு வாங்கித் தகரக் குழாய்க்குள் பொருத்தியதும் தொலைநோக்கி தயார். எண்பத்தேழு மார்ச்சில், இருட்டத் தொடங்கியதும், திருநின்றவூர் ஏரிக்கரையில் அதை நிறுத்தினார்கள்.

சிம்ம ராசிப் பக்கம் செபாஸ்டியனுக்கு இரண்டு புகைத்துளிகள் தெரிந்தன. ஒன்று உருண்டை. மற்றது, இத்தனை நாளாய் அவர்கள் பார்க்க ஏங்கிய லென்ஸ் வடிவ விண்மீன் மண்டலம். பக்கவாட்டில் பார்த்த மைசூர்ப் பருப்பு மாதிரி இருந்தது.

பரந்தாமன் நெடுநேரம் குனிந்திருந்தான்.

"மாமே, மூணு கீது. ஒண்ணு ரொம்ப மங்கல். நேரா பாத்தா ஓடிப்பூடுது, ஓரக்கண்ணால பாரு."

"இன்னா மச்சான், கண்ல பீளையா? மேப்புல ரெண்டுதான் கீது."

"நான் பாக்கறேன்டா!"

"தூசியா இருக்கும். இரு."

எந்தப் பாகத்தையும் துடைத்துவிட்டுத்தான் அளப்பது பட்டறைப் பழக்கம். செபாஸ்டியன் கண்ணாடியைக் கழற்றி, பட்டறையில் கை துடைத்துத் தோளில் கிடந்த பனியன் வேஸ்ட் துணியால் அழுத்தித் துடைத்தான். துணியில் இரும்புத்தூள் இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது பூச்சு முழுக்கக் கீறல்.

பரந்தாமன் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தான். சீக்கிரமே ஆவடியில் வேறு வேலைக்குப் போய்விட்டான். செபாஸ்டியன் தேடிப் போகவில்லை. மூன்று என்பது பொய் என்று நம்பிக்கொண்டிருந்தவரை மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

தொண்ணூற்றாறில் ஒரு வானியல் கூட்டத்தில் அந்த இடத்தின் படத்தைத் திரையில் காட்டினார்கள். உருண்டை, பருப்பு, பக்கத்திலேயே மங்கலாக மூன்றாவது. விண்மீன் மண்டலங்களின் சின்னக் கூட்டம் என்றார் பேசியவர். செபாஸ்டியன் பாதியில் எழுந்து, பரந்தாமன் வீடிருந்த கோவில்பதாகைக்குப் பஸ் ஏறினான்.

பரந்தாமன் வாசலில் தடித்த மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தான். செபாஸ்டியனின் குரல் கேட்ட பிறகுதான் அவனுக்கு ஆளைத் தெரிந்தது.

"மூணுதான் மச்சான். நீ சொன்னதுதான் சரி."

"அது எனக்குத் தெரியாதா? நான்தான் பாத்தேனே. நீ பாக்காம பூட்டியேன்னுதான் மாமே, இத்தினி நாளா வருத்தம்."

கோபத்துக்கென்று செபாஸ்டியன் பதில் யோசித்து வந்திருந்தான். அதை விட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தான்.

"கண்ணாடி பத்திரமா கீது. மறுபடி பூச்சு போட்டு எடுத்துகினு வரேன். ரெண்டு பேரும் பாக்கலாம்."

"என் கண்ணுக்கு எங்க பூச்சு போடுவே? சக்கரை தின்னுடுச்சி."

தெருவிளக்கு எரிந்தது.

"நீ பாத்துட்டு வந்து சொல்லு" என்றான் பரந்தாமன். "நான் நம்புவேன்."