எவாரிஸ்தோவின் மூக்கு

தெற்கே மலையடிவாரத்து எல் போல்சோனில் எவாரிஸ்தோவின் மூக்கைப் பற்றிப் பேசாதவர்கள் குறைவு. மூன்றாவது தெருவில் பால் அடிப்பிடித்தால் இங்கிருந்தே சொல்லிவிடுவான் என்பார்கள். அதில் பாதி புளுகு. மீதிப் பாதியை நம்பித்தான் அவனும் பெண்டாட்டி டெல்ஃபினாவும் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, பதினான்கு வருஷமாகச் சின்னதாக ஒரு பீர் ஆலை நடத்திவருகிறார்கள்.

அந்த மூக்கு போன ஜூலைக் குளிர்காலத்தில் வந்த காய்ச்சலோடு போய்விட்டது. பத்து நாளில் காய்ச்சல் விட்டது, வாசனை மட்டும் திரும்பவில்லை. இன்று வரும், நாளைக்கு வரும் என்று எட்டு மாதத்தை ஓட்டிவிட்டான். பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை. பழைய அளவுகளை அப்படியே போட்டுக் காய்ச்சினான். குடித்தவர்களும் குறை சொல்லவில்லை.

ஆனால் மார்ச் மாதத்தில் காய்ச்சும் 'பேல் ஏல்' என்கிற வெளிர்நிற பீரில் அந்தச் சாமர்த்தியம் செல்லாது. டெல்ஃபினாவின் அண்ணன் இலாரியோ, பீருக்குக் கசப்பும் மணமும் கொடுக்கிற ஹாப்ஸ் கொடி வளர்க்கிறவன். அறுப்பு முடிந்ததும் நல்ல பூவாகப் பொறுக்கி, உலர்த்தி, ஒரு சாக்கு கொண்டுவந்து போடுவான். பீர் புளித்து அடங்கிய பிறகு அந்தப் பூவைத் தொட்டியில் கொட்டி ஊறவிட வேண்டும். கசப்பு, காய்ச்சும்போது போட்ட பழைய ஹாப்ஸிலேயே ஏறியிருக்கும். மணம் இதில்தான் வரும். முதல் கிளாஸைக் காய்ச்சியவன் குடித்து, என்ன மணம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதுவரை வேறு யாரும் உதட்டில் வைக்கக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். இலாரியோவுக்கு அது ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி மாதிரி. "என் பூவை மோந்து சொல்ல ஆள் இருக்கிற வரைக்கும்தான் உங்களுக்குத் தருவேன். இல்லாட்டி நெடுஞ்சாலையில இருக்கானே பெரிய ஆலைக்காரன், அவனுக்குப் போகும்" என்று போன வருஷமே சொல்லிவைத்திருந்தான். விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவன். அந்தப் பூ போய்விட்டால் இந்த ஆலைக்குப் பேர் சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

அந்த ஞாயிறு மதியம் இலாரியோ முழங்கால் வரைக்கும் பூட்ஸோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

"சீக்கிரம் ஊத்து மாப்ள. நாக்கு வறண்டு கெடக்கு."

"உனக்கு என்னிக்கு மச்சான் வறளல?"

எவாரிஸ்தோ கிளாஸை வெயிலில் தூக்கிப் பார்த்தான். நல்ல பொன்நிறம், நுரை இறங்காமல் நின்றது. மூக்கை உள்ளே விட்டான். குளிர்ச்சி ஒன்றுதான் தெரிந்தது. ஒரு வாய் குடித்தான். கசப்பு நாக்கின் அடியில் போய் உட்கார்ந்தது, அவ்வளவுதான். போன வருஷம் சொன்னதை எடுத்து, வால் மட்டும் புதிதாக ஒட்டினான்.

"பம்பளிமாஸ் தோல். பைன் பிசின். பின்னாடி... லேசா புதினா."

"புதினா! ஆத்தோரத்துக் கொடி அது. எனக்குத் தெரியும்!" இலாரியோ தொடையில் தட்டினான். டெல்ஃபினா மூன்றையும் பலகையில் எழுதினாள்.

பிறகு இலாரியோ குடித்தான். மறுபடி குடித்தான். கிளாஸ் விளிம்பில் உட்கார வந்த குளவியை விரட்டிவிட்டு, மூன்றாவது தடவை முகர்ந்து பார்த்தான்.

"மாப்ள, என் பூ எங்க?"

"என்ன கேள்வி இது? அதான் வாய் நெறைய இருக்கே."

"என் வாயில கசப்பு இருக்கு. வறுத்த ரொட்டி வாசம் இருக்கு. பூ இல்ல. எவன் சரக்கைப் போட்ட?"

"எங்கம்மா மேல சத்தியமா உன் பூதான்."

"செத்தவங்கள இழுக்காத."

டெல்ஃபினா கிளாஸை வாங்கி மோந்தாள். குளிர் அறைக்குள் போனாள். திரும்பி வரும்போது ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு வந்தாள். இலாரியோ போட்ட சிவப்புக் கயிற்று முடிச்சு அவிழ்க்கப்படாமல் அப்படியே இருந்தது.

"செவ்வாக்கிழம நீ போட்டிருப்பேன்னுல்ல இருந்தேன், கிழவா?" என்று புருஷனைப் பார்த்துக் கேட்டாள்.

"நீ போடுறேன்னு சொன்ன."

"பம்பு பாக்கப் போறேன், நீ போட்டுடுன்னு கத்திட்டுத்தான் போனேன்."

யார் போட்டிருக்க வேண்டும் என்பது அந்த வீட்டில் இன்னும் தீராத வழக்கு. அன்றைக்கு அதை யாரும் வளர்க்கவில்லை. மூக்குள்ள எவனும் தொட்டியின் மூடியைத் திறந்தவுடனே கண்டுபிடித்திருப்பான்.

இலாரியோதான் முதலில் சிரித்தான். "பூவே போடாத பீர்ல புதினா மணந்துச்சாக்கும்!" எவாரிஸ்தோவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"எனக்கு ஒண்ணுமே மணக்கல மச்சான்," என்றான் எவாரிஸ்தோ. "ஜூலைலேருந்து. காய்ச்சல்ல போயிருச்சு. வெளிய தெரிஞ்சா நான் எதுக்கும் ஆகாதவன்னு ஆயிடும்னு பயந்துட்டேன்."

சொன்னதும் வெட்கமாக இருந்தது. கூடவே தோளிலிருந்து மூட்டையை இறக்கியது மாதிரியும் இருந்தது. இலாரியோ மீசையைக் கடித்தான். பிறகு கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தான்.

"தொட்டியில கொட்டு. அஞ்சு நாள் ஊறட்டும். அடுத்த ஞாயிறு வரேன், தங்கச்சி மோந்து சொல்லட்டும். எங்கப்பன் மூக்கு அவளுக்கும்தான் இருக்கு. ஆனா இனிமே என் பூவைப் பத்திப் பொய் சொன்ன, மூக்கோட சேத்துப் பல்லும் போகும்."

ஆலை பிழைத்தது என்று எவாரிஸ்தோ மூச்சு விட்டான். அப்போதுதான் டெல்ஃபினா பேசினாள்.

"தெனமும் காலைல நான் ரொட்டி சுடும்போது அடுக்களைக்கு வந்து, ஆகா என்ன வாசனன்னு நிப்பியே. அதுவும் இப்படித்தானா?"

அவன் தரையைப் பார்த்தான். "ஆமா."

"குளிர்காலம் முழுக்க எனக்கு மணிக்கட்டு வலி. கடையில வாங்கிக்கலாம்னு எத்தனையோ நாள் நெனச்சேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எந்திரிச்சுப் பெசஞ்சேன்."

பீர் விஷயத்தில் பட்ட அவமானம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அவள் சாக்கிலிருந்து நாலு பூவை எடுத்து, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, கண்ணை மூடி வெகுநேரம் மோந்தாள்.

"என்ன வாசன, டெல்ஃபி?" என்று அவன் கேட்டான். எட்டு மாதத்தில் அவன் கேட்ட முதல் உண்மையான கேள்வி அது.

"இன்னிக்குச் சொல்ல மாட்டேன்," என்றாள் அவள். "நாளைக்குக் கேளு."