அடங்கிய செல்கள்

எங்கள் பேராசிரியருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் ராணித்தேனீ. இருந்த இடத்தைவிட்டு அசையாமல் எல்லாரையும் ஓட விடுவார். கூட்டின் ஓட்டையை அடைக்கத் தேனீ சேர்க்கும் பிசினிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, நோய் எதிர்ப்புச் செல்கள்மேல் விட்டால் அழற்சி குறைகிறதா என்று பார்ப்பது அவருடைய ஆராய்ச்சி. பார்ப்பதென்னவோ நான்தான்.

போன மாதம் அழற்சியின் அளவு சடாரென்று பூஜ்யத்துக்கு இறங்கியது.

"அடங்கிடுச்சு பாத்தியா!" என்று துள்ளினார் மனிதர். எனக்கும் தலைகால் புரியவில்லை. அன்று மாலையே அக்காவுக்குப் போன் போட்டேன். ஏழு வருஷமாக அவளுக்கு மூட்டு அழற்சி. தையல்தான் பிழைப்பு. "அந்தப் பிசின்ல எல்லாம் அடங்குதுக்கா," என்று அளந்துவிட்டேன்.

நேற்று அதே சோதனையைத் திரும்பச் செய்து, செல்களில் நீலச் சாயம் விட்டேன். உயிருள்ள செல் சாயத்தை உள்ளே விடாது, செத்தது குடித்துவிடும். மைக்ராஸ்கோப்பில் ஒரே நீலம். பிசின் தண்ணீரில் கரையாதென்று ஆல்கஹாலில் கரைத்திருந்தோம், அதுவும் தாராளமாக. ஒப்பிட வைத்த தட்டிலோ வெறும் தண்ணீர். வெறும் ஆல்கஹால் விட்ட தட்டு ஒன்றும் வேண்டும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். இந்த மேதை வேண்டாம் என்றார். நானும் பூம்பூம் மாடாகத் தலையாட்டியிருந்தேன். இப்போது அதையும் செய்து பார்த்தேன். அதுவும் நீலம்.

"சார், எதுவும் அடங்கல. செத்துப்போச்சு."

"செத்தா என்ன? அழற்சி கொறஞ்சிருக்கா இல்லையா?"

"பொணத்துக்குக் காய்ச்சல் வராது சார்."

"கட்டுரையில 'அடங்கியது'ன்னே போடு. பொய் இல்லையே!"

வெட்கங்கெட்ட ஜென்மம். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே அக்கா வீட்டுக்குப் போனேன். தையல் மிஷின்மேல் துணி போர்த்தியிருந்தது. மேசையில் கடையில் வாங்கிய தேனீப் பிசின் மருந்து பாட்டில், பாதி காலி. அவள் விரல்கள் வீங்கிச் சிவந்து கிடந்தன.

"மூணு வாரமா மாத்திரைய விட்டுட்டேன்," என்றாள் பெருமையாக. "நீ சொன்னப்புறம் அது எதுக்கு? ஆமா, அந்தப் பிசின்ல அது எப்படி அடங்குது?"

திட்டியதெல்லாம் என்மேலேயே திரும்பி வந்து விழுந்தது.

"நான் தப்பா சொல்லிட்டேன்க்கா. அது செல்லு செத்த கணக்கு. மாத்திரைய எடு. நாளைக்கே டாக்டர்கிட்ட போவோம்."

அவள் அலமாரியிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து, மூடியைத் திருக முடியாமல் என்னிடம் நீட்டினாள்.