கிப்லாவுக்கு நாலு விரல் தள்ளி

டிஷ் தானாகத் திரும்பும் என்று இத்ரிஸ் சொன்னபோது தேநீர்க்கடையில் ஒருவரும் நம்பவில்லை. எங்கள் ஊரில் எல்லார் வீட்டு டிஷ்ஷும் ஒரே திசையைப் பார்த்தபடி, கருங்கடல் மழையில் துருப்பிடித்து, அசையாமல் நிற்பவை. இத்ரிஸ் வாங்கி வந்த டிஷ்ஷுக்கு அடியில் ஒரு மோட்டார் இருந்தது. ரிமோட்டை அழுத்தினால் கிழக்கிலிருந்து மேற்கு வரை வானத்தை ஒரு நடை நடந்து வருமாம்.

"உன் மாடே நீ சொன்னா திரும்பாது மச்சான்," என்றான் ஷுக்ரூ. "டிஷ் திரும்புமாக்கும்."

ஷுக்ரூ, இத்ரிஸின் மனைவி குலிஸாருக்கு அண்ணன். தங்கையைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து மச்சானைச் சீண்டுவதை ஒரு கடமையாகவே செய்துவருகிறான். இத்ரிஸும் சளைத்தவன் இல்லை. "மாட்டுக்கு உன் வீட்டுப் புல்லைப் போட்டேன், அதான் பிடிவாதம்," என்று தேநீரைக் கலக்கினான்.

பேச்சு விளையாட்டுதான். ஆனால் டிஷ் விளையாட்டுக்கு வந்ததல்ல. இத்ரிஸ், குலிஸார் தம்பதியின் ஒரே மகள் ஸெஹெர் ஜெர்மனியில், கொலோன் நகரத்தில் இருக்கிறாள். அங்கே நம் துருக்கிக்காரர்கள் நடத்தும் சின்னச் சேனல் ஒன்றில் வரும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவள் நேரலையில் கெமெஞ்சே வாசிக்கப் போகிறாள். மூன்று நரம்புள்ள அந்தச் சின்னப் பிடிலை அவளுக்குப் பழக்கியதே மாமன் ஷுக்ரூதான். அந்தச் சேனல் மேற்குக் கோடியில் இருக்கும் ஒரு செயற்கைக்கோளில் மட்டும்தான் கிடைக்கும். மகள் முகத்தைப் பார்த்து இரண்டு கோடை ஆகிவிட்ட குலிஸார், டிஷ்ஷுக்கு ஆணி அடிக்கும் முன்பே ஊர்ப் பெண்களை எல்லாம் அழைத்துவிட்டாள்.

மோட்டார் டிஷ்ஷுக்கு ஒரே ஒரு நிபந்தனை. அது சரியாகத் தெற்கைப் பார்க்க வேண்டும். செயற்கைக்கோள்கள் தெற்கு வானில் ஒரு வில்போல வளைந்து நிற்கின்றன. திசை கொஞ்சம் பிசகினால் நடுவில் உள்ளவை எப்படியோ சிக்கிவிடும், ஓரத்தில் உள்ளவை நழுவிவிடும். இத்ரிஸிடம் ராணுவச் சேவையில் கிடைத்த திசைகாட்டி ஒன்று இருந்தது. கான்கிரீட் மாடிக்குள் ஓடும் கம்பிகளின் மேல் வைத்ததும் அதன் ஊசி பேய் பிடித்ததுபோல ஆடியது. அதைப் பையில் போட்டுக்கொண்டு, எங்கள் பக்கத்து ஆண்கள் யாராக இருந்தாலும் செய்வதையே அவனும் செய்தான். பள்ளிவாசலைப் பார்த்தான்.

மெக்கா எங்கள் மாவட்டத்துக்கு நேர் தெற்கே இருக்கிறது. இஸ்தான்புல்காரர்கள் தொழுகைத் திசைக்குக் கணக்குப் போட வேண்டும். எங்களுக்குக் கிப்லா என்றாலே தெற்கு. பள்ளிவாசல் அடுத்த மனையில்தான். அதன் நீளச் சுவரை ஒரு கண்ணை மூடிப் பார்த்து, அதே கோட்டில் மாடிக் கம்பத்து மேல் மோட்டாரை நிறுத்தி, போல்ட்டை இறுக்கி, "பிஸ்மில்லாஹ்" என்று ரிமோட்டை அழுத்தினான்.

நடுவானம் வந்தது. செய்தி வந்தது, பந்தாட்டம் வந்தது, யாருக்கும் புரியாத மொழியில் சமையல் குறிப்பு வந்தது. மேற்கே போகப் போகப் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. கடைசியில் கறுப்புத் திரை.

மூன்று நாள் இத்ரிஸ் மாடியிலேயே குடியிருந்தான். கேபிளை மாற்றினான். கோணத்தை ஏற்றினான், இறக்கினான். டிஷ் மட்டும் முனகிக்கொண்டு மேற்கே போவதும் வெறுங்கையோடு திரும்புவதுமாக இருந்தது. கீழே தெருவில் ஷுக்ரூ நின்று, "என்ன மச்சான், டிஷ் உலாவப் போயிருக்கா? சாப்பாட்டுக்கு வந்துடுமா?" என்று கேட்டுவிட்டுப் போவான்.

"மோட்டாரைக் கழட்டிட்டு அந்த ஒரு சேனலுக்கு மட்டும் கையால திருப்பி வையுங்களேன்," என்றாள் குலிஸார்.

"கழட்டறதா? உங்கண்ணன் சாகிற வரைக்கும் சொல்லிச் சிரிப்பான். என் பேரப்பிள்ளைகிட்டயும் சொல்லுவான்."

"அப்ப நான் என் பொண்ணைப் பார்க்க வேணாம், நீங்க உங்க மீசையைப் பார்த்துக்குங்க."

பிழை எங்கே என்று கண்டுபிடித்ததும் குலிஸார்தான். மாடியில் ஹேஸல் கொட்டைகளைக் காயப்போட்டிருந்தாள். எங்கள் ஊருக்கு வெயில் ஒரு விருந்தாளி. வந்தால் எல்லா வேலையையும் போட்டுவிட்டு மாடிக்கு ஓட வேண்டும். வியாழக்கிழமை மேகம் விலகிய சற்று நேரத்தில் அவள் கொட்டைகளைக் கிளறிக்கொண்டிருந்தபோது லுஹர் பாங்கு கேட்டது. சூரியன் உச்சி சாய்ந்ததும் சொல்லும் தொழுகை அழைப்பு. அந்த நேரம் கம்பத்தின் நிழல் நேர் வடக்கே விழ வேண்டும். அதாவது பள்ளிவாசல் சுவருக்கு இணையாக. விழவில்லை. கொட்டைப் பரப்பின் குறுக்கே கோணலாகக் கிடந்தது.

"உங்க டிஷ் ஒழுங்காத்தான் இருக்கு," என்றாள் கணவனிடம், குரலைத் தாழ்த்தி. "பள்ளிவாசல்தான் கோணல்."

இத்ரிஸ் சுற்றுமுற்றும் பார்த்தான். அந்தப் பள்ளிவாசலைக் கட்டியது ஷுக்ரூவின் தாத்தா, அதாவது குலிஸாரின் தாத்தாவும்தான். வாசல் கல்லில் அவர் பெயர் இருக்கிறது. ஷுக்ரூ ஒவ்வொரு பெருநாளும் அந்தக் கல்லைத் தானே துடைப்பான். மோட்டாரைத் திருப்பினால் சுவரும் மோட்டாரும் பக்கத்தில் பக்கத்தில் வேறு வேறு பக்கம் பார்த்து நிற்கும். பார்ப்பவனுக்கு விளக்கம் தேவையே இல்லை.

அன்று மாலை இமாம் நெவ்ஸாத் ஹோஜாவைத் தனியாகப் பிடித்துச் சொன்னான். ஹோஜா சிரிக்காமல் கேட்டார்.

"மாற்றலாகி வந்த முதல் வாரமே பார்த்துட்டேன். நாலு விரல் தள்ளியிருக்கு. அதான் நான் கொஞ்சம் திரும்பி நிக்கிறேன்."

"அது இடுப்பு வலின்னுல்ல நாங்க நினைச்சோம்?"

"ஆமா, வீட்டுக்கு வீடு களிம்பு அனுப்பறீங்க. அதைத் தடவித் தடவி என் பசுவோட மடி ரொம்ப நல்லாயிருக்கு."

"ஏன் ஹோஜா சொல்லலை?"

"அந்தத் திசைப்பக்கம் நின்னா போதும், அல்லாஹ் ஏத்துக்குவான். நாலு விரலுக்காக ஷுக்ரூவோட மனசை உடைக்கணுமா?" சற்று யோசித்துச் சேர்த்தார்: "செயற்கைக்கோளுக்கு அந்தக் கருணை இல்லைன்னா நான் என்ன செய்ய. ஆனா பாங்கை நம்பிக் கோடு போடாதே. சூரியன் உச்சி சாய்ஞ்சு கொஞ்ச நேரம் விட்டுத்தான் சொல்றோம். நிழல் எப்ப ரொம்பக் குட்டையா இருக்கோ அதுதான் கணக்கு."

மறுநாள் வெள்ளி. உச்சி நேரத்தில் ஊர் ஆண்கள் எல்லாரும் ஜும்ஆவுக்காகப் பள்ளிக்குள் கூடியிருந்தார்கள். முதல் வரிசையில் ஷுக்ரூ, அவன் பக்கத்தில் வேர்த்து வழியும் இத்ரிஸ். மாடியில் குலிஸார், பாவாடையை இழுத்துச் செருகி, கையில் ஸ்பேனரும் கரித்துண்டும். மேகம் வருவதும் போவதுமாக இருந்தது. நிழல் தெரிந்தபோதெல்லாம் அதன் நுனியில் ஒரு புள்ளி வைத்தாள். புள்ளிகள் நெருங்கி வந்து, மறுபடி விலகத் தொடங்கின. மிகக் குட்டையான நிழலின் மேல் கோடு இழுத்து, போல்ட்டைத் தளர்த்தி, மோட்டாரை அந்தக் கோட்டுக்குத் திருப்பி இறுக்கினாள். கீழே போய் ரிமோட்டை அழுத்தினாள். டிஷ் முனகிக்கொண்டு மேற்கே போனது. திரையில் ஒருவன் கொலோனிலிருந்து மெத்தை விற்றுக்கொண்டிருந்தான். குலிஸாருக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

தொழுகை முடிந்து வெளியே வந்த ஷுக்ரூ செருப்பில் ஒரு காலை நுழைத்துக்கொண்டே மேலே மோட்டார் நின்ற கோணத்தைப் பார்த்தான். இன்னொரு கால் அந்தரத்தில் நின்றது.

"டேய் இத்ரிஸ்! உன் தகரத்தட்டு எங்க தாத்தாவுக்கே கிப்லா சொல்லிக் கொடுக்குதா?"

"இல்ல மச்சான், காத்துல..."

"காத்தா? காத்து ஸ்பேனர் வெச்சிருக்கா?"

குலிஸார் மாடி விளிம்பில் வந்து நின்றாள். "அண்ணே, அவரும் எனக்குத் தாத்தாதான். ஞாயித்துக்கிழமை வரைக்கும் இது இப்படித்தான் நிக்கும். அப்புறம் உன் இஷ்டத்துக்குத் திருப்பிக்கோ."

"ஞாயிறு வரைக்கும் ஊர் சிரிக்கும்! இந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேன் நான்."

சொன்னபடி மிதிக்கவில்லை. ஞாயிறு பிற்பகல் வீடு நிறைந்திருந்தது. சோள ரொட்டி, தேநீர், ஜன்னல் வரைக்கும் பெண்கள். ஷுக்ரூ வீட்டுப் பின்பக்கம் ஏணியைச் சார்த்தி, படியை மிதிக்காமல் நேராக மாடிக்கு ஏறினான். ஊர் முழுக்க உள்ளே இருக்கும் நேரம். தாத்தாவின் மானத்தைக் காப்பாற்ற இதைவிட நல்ல நேரம் வராது. போல்ட்டுகளைத் தளர்த்தினான். கடைசி போல்ட் தளரும்போதுதான் கீழிருந்து கெமெஞ்சே கேட்டது.

ஸெஹெரின் வில். உதட்டைக் கடித்துக்கொண்டு இழுப்பாளே, அந்த இழுப்பு. ஷுக்ரூ ஸ்பேனரைக் கீழே வைத்தான். அந்தக் கணம் கடற்காற்று டிஷ்ஷைத் தள்ளியது, இசை அறுந்தது, வீட்டுக்குள் முப்பது பெண்களின் ஓலம் எழுந்தது.

"போச்சு! பொண்ணு போயிட்டா!" குலிஸாரின் குரல்.

ஷுக்ரூ பாய்ந்து டிஷ்ஷை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தள்ளினான். இசை வந்தது, போனது. முற்றத்துக்கு ஓடி வந்த இத்ரிஸ் மேலே பார்த்தான்.

"என்னடா பார்க்கிற?" என்று கத்தினான் ஷுக்ரூ. "படம் எப்படி இருக்குன்னு சொல்லு!"

இத்ரிஸ் ஜன்னலுக்குள் தலையை விட்டுவிட்டு வெளியே எடுத்தான். "கொஞ்சம் உன் பக்கம்... இன்னும்... ஐயோ, தாத்தா பக்கம் போகாதே, இந்தப் பக்கம்! நிறுத்து! அசையாதே!"

ஷுக்ரூ அசையவில்லை. இறுக்க வேண்டிய ஸ்பேனர் காலடியில் கிடந்தது. குனிந்தால் பெண் போய்விடுவாள்.

"என்ன உடுத்தியிருக்கா?"

"நம்ம அம்மாவோட சிவப்புத் துப்பட்டி!" என்று உள்ளிருந்து குலிஸார் அழுதுகொண்டே கத்தினாள். "அண்ணே, மாமாதான் கத்துக்கொடுத்தார்னு சொல்றா!"

ஷுக்ரூவின் மூக்கு ஒழுகியது. துடைக்கக் கை இல்லை.

அஸர் பாங்கு சொல்லப் போகும் வழியில் நெவ்ஸாத் ஹோஜா வேலி ஓரம் நின்று அண்ணாந்து பார்த்தார். பள்ளிவாசலுக்கு நாலு விரல் தள்ளி நின்ற டிஷ்ஷை மார்போடு அணைத்தபடி அந்தப் பள்ளியைக் கட்டியவரின் பேரன்.

"ஷுக்ரூ, தொழ வரலையா?"

"எப்படி வர்றது ஹோஜா," என்றான் ஷுக்ரூ, தலையைக்கூடத் திருப்பாமல். "பொண்ணு என் கையிலல்ல இருக்கா."